பிரிட்ஜ்ல போட்ட மோடத்தோட செட்டிங்ஸ் பக்கத்தை ரவுட்டருக்குப் பின்னாடி இருந்தே திறக்கறது எப்படி?

கேள்வி இதுதான்: மோடத்தை பிரிட்ஜ் மோட்ல (லைனை மட்டும் கடத்திவிட்டு மத்த வேலையை ரவுட்டருக்கு விடற மோட்) போட்டாச்சு, பிபிபிஓஈ (ஐஎஸ்பிகிட்ட, அதாவது நெட் குடுக்கற கம்பெனிகிட்ட, லாகின் பண்ற முறை) யூசர்நேம் பாஸ்வேர்டெல்லாம் சொந்த ரவுட்டர்ல குடுத்தாச்சு, நெட்டும் நல்லா வருது. ஆனா முன்னாடி 192.168.1.1 அடிச்சா வந்த மோடம் பக்கம் இப்ப வரவே மாட்டேங்குது, அதே நம்பரை அடிச்சா ரவுட்டர் பக்கம்தான் வருது. லைன் சிக்னல் பாக்கணும்னா ஒவ்வொரு வாட்டியும் கேபிளைக் கழட்டி லேப்டாப்ல சொருகணுமா, இல்ல மோடத்தை ரீசெட் பண்ணணுமா?

ரெண்டும் வேணாம். ரவுட்டர்ல ரெண்டு விஷயம் பண்ணா போதும், ஆனா ரெண்டையும் பண்ணணும், ஒண்ணை மட்டும் பண்ணிட்டு வரலையேன்னு உக்காந்திருக்கறவங்கதான் அதிகம். அந்த ரெண்டும் என்னன்னு நேரா சொல்லிட்டா நாளைக்கு வேற ரவுட்டர் மாத்தினதும் மறுபடி இதே இடத்துல வந்து நிப்பீங்க, அதனால உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிட்டுப் போறேன்.

பிரிட்ஜ் மோட்னா மோடம் ஊமையாயிடும், ஐபியே இருக்காதுன்னு பொதுவா ஒரு நினைப்பு இருக்கு. அப்படி இல்ல. பெரும்பாலான மோடத்துக்குள்ள ஓடறது ஒரு குட்டி லினக்ஸ்தான், பிரிட்ஜ்ல போட்டா அது தன்னோட லேன் போர்ட்டையும் (வீட்டு நெட்வொர்க் பக்கம்) லைன் பக்கத்தையும் ஒரே ஸ்விட்ச் மாதிரி ஒண்ணா சேத்துடும், அவ்வளவுதான். அதோட பழைய ஐபி அந்த பிரிட்ஜ் மேலயே உக்காந்திருக்கும், செட்டிங்ஸ் பக்கமும் ஓடிட்டுதான் இருக்கும். உள்ள வர்ற ஃபிரேம்ல, அதாவது ஒயர்ல போற டேட்டா உறையில, தன்னோட மேக் அட்ரஸ் (ஒவ்வொரு போர்ட்டுக்கும் இருக்கற ஹார்ட்வேர் நம்பர்) இருந்தா எடுத்துக்கும், இல்லேன்னா அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிட்டுடும்.

அப்ப ஏன் வரலை? ரவுட்டரைப் பாருங்க. அதோட வேன் போர்ட்ல, அதாவது மோடம் சொருகியிருக்கற வெளிப்பக்க போர்ட்ல, இப்ப ரெண்டு இன்டர்ஃபேஸ் இருக்கு, ஒண்ணு அந்த போர்ட் தானே, நிஜமா ஒயர் சொருகியிருக்கறது, இன்னொண்ணு அதுக்கு மேல டயல் பண்ணி உருவான பிபிபிஓஈ. பப்ளிக் ஐபி வர்றது பிபிபிஓஈக்கு, டிஃபால்ட் ரூட் (வேற வழி தெரியாத எல்லாத்தையும் அனுப்பற வழி) போறதும் அது வழியாதான், கீழ இருக்கற போர்ட்டுக்கு ஐபின்னு ஒண்ணும் கிடையாது. மோடம் 192.168.2.1ல இருக்குன்னு வெச்சுக்குவோம், நீங்க பிரவுசர்ல அதை அடிக்கறீங்க, கம்ப்யூட்டர் அது நம்ம நெட்வொர்க் இல்லன்னு ரவுட்டர்கிட்ட குடுக்குது, ரவுட்டருக்கும் அந்த ரேஞ்ச் தெரியாது, அதனால டிஃபால்ட் ரூட்ல, பிபிபிஓஈக்குள்ள சுத்தி அனுப்பிடுது. ஃபிரேம் டைப் ஹெக்ஸ்ல 8864, அதாவது பிபிபிஓஈ செஷன், மேல இருக்கற மேக் அட்ரஸ் ஐஎஸ்பியோட ஆக்சஸ் சர்வருது. அது மோடம் வழியாதான் போகுது, ஆனா மோடம் அதைத் தொடறதே இல்ல. உறையில போட்டு ஒட்டி வேற அட்ரஸ் எழுதி தபால்காரர் கையிலயே குடுத்தா, உள்ள இருக்கற லெட்டர் அவருக்கு எழுதினதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் போய் சேந்ததும் ஐஎஸ்பி அதைத் தூக்கிப் போட்டுடும், ஏன்னா 192.168ல ஆரம்பிக்கறது, 10ல ஆரம்பிக்கறது, 172.16ல இருந்து 172.31 வரைக்கும் இருக்கறது எல்லாம் தனியார் ரேஞ்ச், 1996ல வந்த ஆர்எஃப்சி 1918லயே ஒதுக்கி வெச்சது, பொது இன்டர்நெட்ல அதுக்கெல்லாம் வழி கிடையாது.

உங்க கேஸ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, ரவுட்டரும் மோடமும் ஒரே 192.168.1.1. அப்ப பேக்கெட் வெளியவே போகாது, ரவுட்டரே தனக்குன்னு எடுத்துக்கும். சில பேர் மோடத்தை 192.168.1.254னு மாத்திட்டு சரியாயிடுச்சுன்னு நினைப்பாங்க, அதுவும் ஆகாது. ரவுட்டரோட லேன் 192.168.1.0/24ஆ, அதாவது 192.168.1ல ஆரம்பிக்கற எல்லா நம்பருமா இருந்தா உங்க கம்ப்யூட்டர் 254 இங்கயே பக்கத்துலதான் இருக்குன்னு நெனச்சு லேனுக்குள்ளயே கத்திட்டிருக்கும், ரவுட்டர்கிட்ட அந்த பேக்கெட் வரவே வராது, ரவுட்டர்ல எவ்வளவு ரூட் எழுதினாலும் பிரயோஜனம் இல்ல. அதனால மூணாவது நம்பர் கண்டிப்பா வேற வேறயா இருக்கணும். எதை மாத்தறதுன்னா, என் ஓட்டு மோடத்தை மாத்தறதுக்கு. ரவுட்டர் லேனை மாத்தினா பிரின்டர், கேமரா, கையால ஐபி போட்டு வெச்ச எல்லாத்தையும் போய்த் திருத்தணும். மோடத்துல ஒரே ஒரு இடம்தான், லேன் ஐபின்னு இருக்கும், அதை 192.168.2.1னு போட்டு சேவ் பண்ணிடுங்க, அங்கயே டிஹெச்சிபி சர்வரையும் (தானா ஐபி குடுக்கறது) ஆஃப் பண்ணிடுங்க. இந்த ஒரு வேலைக்கு மட்டும் லேப்டாப்பை மோடத்துல நேரா சொருகி, லேப்டாப்புக்கு 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0னு கையால குடுத்து உள்ள போகணும். மோடத்துல ஐபி மாத்தவே விடாத மாடலா இருந்தா வேற வழியில்ல, ரவுட்டர் லேனைத்தான் மாத்தணும்.

இனி ரவுட்டர் பக்கம். முதல் வேலை, வேன் போர்ட்டுக்கு, அதாவது பிபிபிஓஈக்குக் கீழ இருக்கற நிஜ போர்ட்டுக்கு, மோடம் ரேஞ்சுல ஒரு ஐபி குடுக்கணும். 192.168.2.2, மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலியா விடணும், இது முக்கியம், கேட்வேன்னு ஒரு கட்டம் இருக்கேன்னு மோடம் ஐபியை அதுல போட்டா சில ரவுட்டர்ல டிஃபால்ட் ரூட்டே அங்க மாறி நெட் போயிடும். இப்ப ரவுட்டருக்கு 192.168.2.0/24 அந்த ஒயர்ல நேரா இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு, அந்த பேக்கெட்டை இனிமே பிபிபிஓஈக்குள்ள போடாம சாதா ஐபி ஃபிரேமா மோடத்தோட மேக் அட்ரஸுக்கே அனுப்பும்.

இதோட நிறுத்தினா ரவுட்டருக்குள்ள இருந்து பிங் போகும், கம்ப்யூட்டர்ல இருந்து போகாது. ஏன்னா உங்க கம்ப்யூட்டர் 192.168.1.50, மோடத்துக்கு அந்தப் பேக்கெட் போய்ச் சேருது, ஆனா பதில் அனுப்பணுமே, 192.168.1.50 எங்க இருக்குன்னு மோடத்துக்கு யாரு சொன்னா? பிரிட்ஜ்ல இருக்கற மோடத்துக்குப் பொதுவா டிஃபால்ட் ரூட்டும் இருக்காது. பதில் அங்கயே செத்துடும். போற வழியையே பாத்துட்டு வர்ற வழியை விட்டுடறதுதான் இந்த விஷயத்துல எல்லாரும் மாட்டற இடம். அதனால ரெண்டாவது வேலை: அந்த போர்ட் வழியா மோடம் ரேஞ்சுக்குப் போற எல்லாத்துக்கும் சோர்ஸ் ஐபியை (அனுப்பினது யாருங்கற நம்பரை) 192.168.2.2ஆ மாத்தி அனுப்பச் சொல்லணும், அதாவது நாட், ரவுட்டர் மெனுல மாஸ்கரேட்னு இருக்கும். அப்ப மோடத்தைப் பொறுத்தவரை பக்கத்துல இருக்கற 192.168.2.2தான் பேசுது, அதுக்கு ரூட்டே தேவையில்ல. மோடத்துலயே 192.168.1.0க்கு வழி 192.168.2.2னு ஒரு ஸ்டேட்டிக் ரூட் போட்டும் சமாளிக்கலாம், சில மோடத்துல அந்த ஆப்ஷன் இருக்கு, ஆனா மோடம் ஒரு தடவை ரீசெட் ஆனா அது போச்சு, நாட் ரவுட்டர்ல இருக்கறதே நல்லது.

ரவுட்டர் வாரியா சொல்லணும்னா ஓப்பன்டபிள்யூஆர்டிதான் (ரவுட்டர்ல நாமளே போட்டுக்கற ஓப்பன்சோர்ஸ் ஃபர்ம்வேர்) இதுல ரொம்ப ஈஸி. நெட்வொர்க்ல இன்டர்ஃபேசஸ் போய் புதுசா ஒண்ணு சேருங்க, பேரு மோடம்னே இருக்கட்டும், புரோட்டோகால் ஸ்டேட்டிக் அட்ரஸ், டிவைஸ்ங்கற இடத்துல பிபிபிஓஈ-வேன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுக்காதீங்க, அதுக்குக் கீழ இருக்கற போர்ட்டை எடுங்க, புது வெர்ஷன்ல நிறைய மாடல்ல அது வெறும் வேன்னே இருக்கும், பழசுல ஈத்0.2 மாதிரி இருக்கும். ஐபி 192.168.2.2, ஃபயர்வால் ஜோன்ல ஏற்கனவே இருக்கற வேன் ஜோனைக் குடுத்துடுங்க, அங்க மாஸ்கரேட் முன்னாடியே ஆன்ல இருக்கும், லேன்ல இருந்து வேனுக்குப் போற அனுமதியும் இருக்கும், அதனால ரெண்டாவது வேலை தானா முடிஞ்சிடும். சேவ் அண்ட் அப்ளை, அவ்வளவுதான்.

மைக்ரோடிக்ல ஐபி அட்ரஸஸ்ல ஈத்தர்1க்கு 192.168.2.2/24 சேருங்க, அப்புறம் ஃபயர்வால் நாட்ல போய் டிஃபால்ட்டா இருக்கற மாஸ்கரேட் ரூல் எதுக்குப் பொருந்துதுன்னு பாருங்க. அது வேன் லிஸ்ட்டுக்குன்னு இருந்து அந்த லிஸ்ட்ல ஈத்தர்1 இருந்தா வேலை முடிஞ்சது. பிபிபிஓஈ-அவுட்1க்கு மட்டும்னு இருந்தா ஈத்தர்1க்கு இன்னொரு மாஸ்கரேட் ரூல் எழுதணும்.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ்ல இன்டர்ஃபேஸ் அசைன்மென்ட்ஸ்ல அந்த நிஜ போர்ட்டையே இன்னொரு இன்டர்ஃபேஸா சேத்து ஸ்டேட்டிக் ஐபி குடுக்கணும். கேட்வே குடுக்காததால ஆட்டோமேட்டிக் நாட் இதை வேனா எடுத்துக்காது, அதனால அவுட்பவுண்ட் நாட்டை ஹைப்ரிட்ல மாத்தி மோடம் ரேஞ்சுக்குக் கையால ஒரு ரூல் போடணும். இதெல்லாம் பண்ணியும் வரலேன்னா லேன் ரூலைப் பாருங்க, ரெண்டு கனெக்‌ஷன் வெச்சிருக்கறவங்க அந்த ரூல்ல கேட்வே குரூப் குடுத்து வெச்சிருப்பாங்க, அது ரூட்டிங் டேபிளைப் பாக்காம எல்லாத்தையும் அந்தப் பக்கமே தள்ளிடும். லிஸ்ட்ல அந்த ரூலுக்கு மேல, மோடம் ரேஞ்சுக்குன்னு கேட்வே இல்லாத ஒரு ரூல் வைக்கணும்.

டிடி-டபிள்யூஆர்டி மாதிரி இருந்தா ஸ்டார்ட்அப்ல போர்ட்டுக்கு ரெண்டாவது ஐபி குடுக்கற ஒரு வரி, ஃபயர்வால்ல ஐபிடேபிள்ஸ் மாஸ்கரேட் ஒரு வரி, ரெண்டே வரிதான். ஃபயர்வால் வரியை ஸ்டார்ட்அப்ல போடாதீங்க, வேன் திரும்ப கனெக்ட் ஆகும்போது ஃபயர்வால் முழுசா புதுசா எழுதப்படும், உங்க வரி காணாமப் போயிடும், நேத்து வரைக்கும் வந்துச்சு இன்னிக்கு வரலைன்னு தேடறதுல பாதி இதுதான்.

கடையில வாங்கின ரவுட்டர், அதோட சொந்த ஃபர்ம்வேர்னா என்ன பண்றது? டிபி-லிங்க்ல பல மாடல்ல பிபிபிஓஈ பக்கத்துலயே செகண்டரி கனெக்‌ஷன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, பெரும்பாலும் டிசேபிள்டுல இருக்கும், அதை ஸ்டேட்டிக் ஐபின்னு மாத்தி 192.168.2.2 குடுத்துப் பாருங்க. வேற சில பிராண்ட்ல இதே வசதி டூயல் ஆக்சஸ், ரஷ்யா பிபிபிஓஈன்னு விசித்திரமான பேர்ல இருக்கும், அந்த ஊர் ஐஎஸ்பிகள் பிபிபிஓஈயோட சேத்து லோக்கல் நெட்வொர்க் ஒண்ணையும் அதே ஒயர்ல குடுத்ததால வந்த வசதி, நமக்கும் வேணுங்கறது அதேதான். அந்த ஆப்ஷனும் இல்லாம, ஸ்டேட்டிக் ரூட் பக்கம் மட்டும் இருக்குன்னா அதுல நம்பிக்கை வைக்காதீங்க. 192.168.2.0க்கு வழி 192.168.2.1னு எழுதலாம், ஆனா அந்த ரேஞ்சுல ரவுட்டருக்கே ஐபி இல்லாதப்ப அந்தக் கேட்வேயைப் போய்ப் பிடிக்க முடியாது, சில ரவுட்டர் அந்த ரூட்டை வாங்கவே வாங்காது, சிலது வாங்கிட்டு சும்மா இருக்கும்.

அப்ப கடைசியா ஒரு வழி, மோடத்தோட இன்னொரு லேன் போர்ட்ல இருந்து ரவுட்டரோட லேன் போர்ட்டுக்கு ரெண்டாவது கேபிள். நிறைய இடத்துல இதைத்தான் முதல் யோசனையா சொல்றாங்க, எனக்கு இது பிடிக்காது. மோடத்துல எல்லா லேன் போர்ட்டும் பிரிட்ஜுக்குள்ள இருந்தா, இந்தக் கேபிள் சொருகின உடனே உங்க வீட்டு லேனும் ஐஎஸ்பி பக்கமும் ரவுட்டரைத் தாண்டி நேரா ஒண்ணாயிடும், ஃபயர்வால் இருந்தும் இல்லாத மாதிரி. பிரிட்ஜ் கனெக்‌ஷனை லேன்1க்கு மட்டும்னு கட்டிவிட போர்ட் பைண்டிங் இருக்கற மோடம், டிஹெச்சிபியும் ஆஃப், மோடம் ஐபி உங்க லேன் ரேஞ்சுலயே யாருக்கும் போகாத ஒரு நம்பர், இந்த மூணும் உறுதின்னா மட்டும் பண்ணுங்க. இதுல ஏதாவது ஒண்ணு சந்தேகம்னா லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போறதே மேல்.

விலேன் (ஒரே ஒயர்ல நம்பர் டேக் போட்டுப் பிரிக்கற தனித்தனி நெட்வொர்க்) விஷயம் தனியா சொல்லணும், ஃபைபர்ல இதுல நிறைய பேர் நாளைத் தொலைச்சிருக்காங்க. ஐஎஸ்பி ஒரு விலேன் நம்பர் குடுத்து அதுல டேக் பண்ணிதான் பிபிபிஓஈ டயல் பண்ணணும்னு சொல்லியிருந்தா, உங்க ரவுட்டர்ல போர்ட், அதுக்கு மேல விலேன், அதுக்கு மேல பிபிபிஓஈன்னு மூணு அடுக்கு இருக்கும். மோடத்தோட செட்டிங்ஸ் பக்கம் பொதுவா டேக் இல்லாத ஃபிரேமுக்குதான் பதில் சொல்லும். அதனால ஐபியை நடுவுல இருக்கற விலேன்ல போடாம அடியில இருக்கற போர்ட்ல போடணும். டேக்கை மோடமே போடுற மாதிரி இருந்தா இந்தக் கவலை இல்ல.

பிபிபிஓஈ இல்லாம டிஹெச்சிபில ஐபி வாங்கறவங்களுக்கு, குறிப்பா கேபிள் மோடம்காரங்களுக்கு, கதை வேற. கேபிள் மோடம் எல்லாம் பொதுவா 192.168.100.1ல இருக்கும், உள்ள போற பேக்கெட்ல அந்த ஐபி தெரிஞ்சா அதுவே பிடிச்சு பதில் சொல்லிடும், அதனால ரவுட்டர்ல ஒண்ணும் பண்ணாமலே பக்கம் திறக்கும். வம்பு எப்ப வரும்னா லைன் போனப்ப, வேனுக்கு ஐபி இல்ல, டிஃபால்ட் ரூட்டும் இல்ல, மோடம் பக்கம் எப்ப வேணுமோ அப்பத்தான் திறக்காது. இன்னும் வேடிக்கை, லைன் இல்லாதப்ப சில கேபிள் மோடம் தானே டிஹெச்சிபி சர்வராகி ரவுட்டருக்கு 192.168.100ல ஒரு ஐபி குடுத்துடும், லைன் திரும்ப வந்த அப்புறமும் ரவுட்டர் அதையே பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கும். பிஎஃப்சென்ஸ்ல வேன் செட்டிங்ஸ்ல, இந்த அட்ரஸ்ல இருந்து வர்ற லீஸை, அதாவது டிஹெச்சிபி குடுக்கற ஐபியை, வாங்காதேன்னு சொல்ற ஒரு கட்டம் இருக்கறது இதுக்குத்தான். இங்கயும் வேன் போர்ட்டுக்கு 192.168.100.2னு ரெண்டாவது ஐபி ஒண்ணு நிரந்தரமா போட்டு வெச்சா லைன் செத்தாலும் மோடம் பக்கம் வரும்.

எல்லாம் பண்ணியும் வரலேன்னா எங்க உடையுதுன்னு வரிசையா பாருங்க. முதல்ல ரவுட்டருக்குள்ள போய் அங்க இருந்தே 192.168.2.1க்கு பிங். பதில் இல்லேன்னா அந்த போர்ட்ல டிசிபிடம்ப் (போற வர்ற பேக்கெட்டைக் காட்டற கருவி) ஓட விட்டு ஏஆர்பியை, அதாவது ஒரு ஐபியோட மேக் அட்ரஸைக் கேக்கற கேள்வியை, பாருங்க. 192.168.2.1 யாரு, 192.168.2.2கிட்ட சொல்லுன்னு ரவுட்டர் ஒரு நொடிக்கு ஒரு தடவை கேக்கறது தெரியும். கேள்வி மட்டும் ஓடிட்டே இருந்து பதிலே வரலேன்னா தப்பான அடுக்குல ஐபி போட்டிருக்கீங்க, இல்ல மோடம் ஐபி நீங்க நினைக்கறது இல்ல, சில மோடம் பிரிட்ஜுக்குப் போனதும் ஐபியையே மாத்திக்கும். கேள்வியே ஓடலேன்னா ரவுட்டர் அதை இன்னும் பிபிபிஓஈலதான் அனுப்புது, ரூட்டிங் டேபிளைப் பாருங்க. ரவுட்டர்ல இருந்து பிங் வருது, கம்ப்யூட்டர்ல இருந்து வரலேன்னா பெரும்பாலும் நாட்டோ ஃபயர்வாலோதான் காரணம். கம்ப்யூட்டர்ல விபிஎன் ஓடுதான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க, அது எல்லாத்தையும் தன் வழியா இழுத்துட்டுப் போயிருக்கும். பிங் வருது, பக்கம் மட்டும் வரலேன்னா பிரவுசர் தானா ஹெச்டிடிபிஎஸ்க்கு மாத்தியிருக்கும், பழைய மோடத்துக்கு அது தெரியாது, அட்ரஸ்ல ஹெச்டிடிபின்னு முழுசா அடிச்சுப் பாருங்க.

சில ஐஎஸ்பி குடுத்த ஃபைபர் பெட்டில பிரிட்ஜ் பண்ண போர்ட்ல செட்டிங்ஸ் பக்கத்தையே மூடி வெச்சிருப்பாங்க, ஏஆர்பிக்குக் கூட பதில் வராது. லேப்டாப்பை நேரா அதே போர்ட்ல சொருகியும் வரலேன்னா அதுதான் காரணம், ரவுட்டர்ல தலைகீழா நின்னாலும் வராது, விட்டுடுங்க.

உள்ள போனதும் பாக்க வேண்டியது: டிஎஸ்எல் (போன் ஒயர்ல வர்ற நெட்)னா எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க லைன்ல மிச்சம் இருக்கற அளவு), பொதுவா 6 டிபி குறிவெச்சுதான் லைனை செட் பண்ணியிருப்பாங்க, அது அடிக்கடி 2, 3க்கு இறங்கி சிஆர்சி எரர் (கெட்டுப்போய் வந்த டேட்டாவோட எண்ணிக்கை) கூடிட்டே போச்சுன்னா ஒயர்ல பிரச்சினை. ஃபைபர்னா ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர் (பெட்டிக்கு வந்து சேர்ற ஒளியோட அளவு), சாதாரணமா வீட்டுக்குப் போடற பி பிளஸ் கிளாஸ் ஜிபான்ல -8ல இருந்து -27 டிபிஎம் வரைக்கும்தான் பெட்டியால வாங்க முடியும், -26, -27னு காட்டினா விளிம்புல நிக்குதுன்னு அர்த்தம், கனெக்டரைத் துடைக்கச் சொல்லிக் கூப்பிடுங்க, போன்ல இந்த நம்பரைச் சொன்னா ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கங்கற பாட்டைக் கேக்காம நேரா விஷயத்துக்கு வருவாங்க.

பாதுகாப்பு பத்தி யாராவது பயமுறுத்துவாங்க. நீங்க திறந்தது உள்ள இருந்து மோடத்துக்குப் போற வழி, வெளியில இருந்து உள்ள வர்ற வழி இல்ல, அந்த இன்டர்ஃபேஸ் வேன் ஜோன்லயே இருக்கற வரைக்கும் ரவுட்டர் அதை வெளி ஆளாத்தான் பாக்கும். லேன் ஜோன்ல மட்டும் சேத்துடாதீங்க. மோடத்தோட பாஸ்வேர்ட் இன்னும் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கறதே இருந்தா மாத்திடுங்க, ஏன்னா இப்ப உங்க வைஃபைல வர்ற விருந்தாளியும் 192.168.2.1 அடிச்சா அந்தப் பக்கத்தைப் பாக்கலாம். அது வேணாம்னா கெஸ்ட் நெட்வொர்க்ல இருந்து 192.168.2.0/24க்குப் போறதைத் தடுக்க ஒரு ரூல் போட்டுடுங்க.